தூங்கா நகரம் உட்கார்ந்த கதை

2020-க்கு முன்னால் எங்கள் வாக்கிங் குழுவில் யாருக்கும் இதயத்தைப் பற்றிக் கவலை கிடையாது. அதனால் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தோம்.

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானம்தான் எங்கள் களம். ஓய்வுபெற்ற எச்.எம். சார், வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிய பேங்க் சார், விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கும் நான். வெயில் ஏறுவதற்குள் நாலு சுற்று. முடிந்ததும் வாசலில் அருகம்புல் சாறு. அந்தக் கசப்பு போக ஆளுக்கு இரண்டு உளுந்தவடை. வடையின் காரம் போக ஒரு டீ, சீனி தூக்கலாக. பேங்க் சார் அன்றன்றைய கணக்கை அங்கேயே முடித்துவிடுவார். "எரிச்சது நூத்தம்பது கலோரி, ஏத்துனது நானூறு. நடக்காம தின்னிருந்தா நானூறும் நட்டம்ல?" எச்.எம். சார் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அவரே இதில் குறை காணவில்லை.

எங்களில் இரண்டு பேருக்குப் பிரஷர், இரண்டு பேருக்குச் சுகர். அண்ணாச்சிக்கு இரண்டும். அந்தக் காலத்தில் (ஆறேழு வருஷத்துக்கு முந்தியதெல்லாம் இப்போது அந்தக் காலம்தான்) இதில் மறைக்க ஒன்றும் இல்லை. கல்யாணப் பந்தியில், "போன மாசம் முந்நூத்தி இருபது இருந்துச்சு, அதுக்காக ஜாங்கிரிய வேணாம்னு சொல்ல முடியுமா?" என்று உரக்கச் சொல்வது ஒரு வீரம். கேட்பவரும் சளைக்காமல் தன் எண்ணைச் சொல்வார். என் அப்பா தலைமுறைக்கு இந்த எண்கள்கூட இல்லை. அவர்களுக்கு வந்தது வெறும் கொதிப்பு. டாக்டர் பாதரசக் கருவியைக் கட்டிப் பார்த்துவிட்டு உப்பைக் குறைக்கச் சொல்வார். அம்மா சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டு, பாவம் நாக்கு செத்துப்போகுமே என்று இலையில் நார்த்தங்காய் ஊறுகாயை வைப்பாள்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்றது. 25-ம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. அன்று அதிகாலையில்தான் தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் நிகழ்ந்தது. அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் வெளியிட்ட தகவலில் வைரஸோடு சேர்த்து இன்னும் சில பெயர்கள் இருந்தன: நாள்பட்ட நுரையீரல் நோய், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, ரத்த அழுத்தம். அன்றிலிருந்து மாலைதோறும் தொலைக்காட்சியில் இறந்தவர்களின் எண்ணிக்கை வரும்; கூடவே அவர்களுக்கு என்னென்ன இணை நோய்கள் இருந்தன என்பதும் வரும். ஊரே தொடர் நாடகம்போல உட்கார்ந்து கேட்டது. கேட்டவர்களில் பாதிப் பேரின் மாத்திரை டப்பாவிலும் அந்தப் பட்டியலில் இருந்த ஏதோ ஒன்று இருந்தது.

பந்தியில் எண் சொன்ன வீரர்கள் அன்றோடு வாயை மூடினார்கள். அண்ணாச்சி போன் செய்தார். "தம்பி, யாராச்சும் கேட்டா எனக்குச் சுகர் இருக்குன்னு மட்டும் சொல்லிறாதீங்க. நாளைக்கு நான் ஒரு தும்மல் போட்டாலும் வாசல்ல தகரம் அடிச்சுருவாய்ங்க." தெருவில் மருந்துக்கடைக்குப் போகிறவர்கள்கூட மாத்திரை அட்டையைப் பையின் அடியில் வைத்து, மேலே கொத்தமல்லிக் கட்டைப் போட்டு எடுத்து வந்தார்கள்.

ஒரே வருஷம். 2021 மார்ச் 1-ம் தேதி காற்று திரும்பியது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தொன்பது வரையுள்ளவர்களில் இணை நோய் இருப்பவர்களுக்கும் தடுப்பூசி. அரசு இருபது நோய்களைப் பட்டியல் போட்டிருந்தது. பதிவு பெற்ற மருத்துவர் சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். நேற்றுவரை மறைத்ததைத் தேடி எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டு வாசலில் நின்றார்கள். பட்டியலைப் படித்துப் பார்த்தால் வெறும் பிரஷர் போதாது. பத்து வருஷத்துக்கு மேல் சர்க்கரை இருந்து, அதோடு ரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிட்டால் செல்லும். பேங்க் சாருக்குப் பிரஷர் மட்டும்தான். "இருபது வருஷ சர்வீஸ்ணே, தனியா வந்தா செல்லாதாம்!" என்று நொந்துகொண்டார். அண்ணாச்சிக்கு இரண்டும் இருந்ததால் முதல் வாரமே ஊசி. சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். ஏப்ரல் 1-ல் நாற்பத்தைந்துக்கு மேற்பட்ட எல்லோருக்கும் என்று ஆனதும் அதன் மவுசு போனது.

நான் சொல்ல வந்தது வைரஸைப் பற்றி அல்ல. வைரஸுக்குப் பயந்து நாங்கள் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் பற்றி. நுரையீரலைக் காப்பாற்ற வீட்டுக்குள் போனோம். அங்கே இதயமும் கூடவே வந்து உட்கார்ந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

உட்கார்ந்தது என்றால் சும்மா உட்காரவில்லை. 2020 மே 4-ம் தேதி மீனாட்சி திருக்கல்யாணத்தைச் செல்போனில் பார்த்தோம். வழக்கமான சித்திரைத் திருவிழா என்றால் மாசி வீதிகளில் தேரோடு நடந்து, எதிர்சேவைக்குத் தல்லாகுளம் வரை நடந்து, ஆற்றுக்கு நடந்து, திரும்ப பஸ் இல்லாமல் வீட்டுக்கும் நடந்தே வந்திருப்போம். அந்த வருஷம் அழகர் மலையை விட்டு இறங்கவில்லை. நாங்கள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. மதுரைக்காரனுக்கு மட்டும் வந்த கேடல்ல இது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்ஃபிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள், 187 நாடுகளைச் சேர்ந்த நாலரை லட்சம் பேரின் செல்போன் காட்டிய காலடிக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். பெருந்தொற்று அறிவிப்பு வந்த பத்து நாளில் நடை 5.5 சதவீதம் குறைந்தது. முப்பது நாளில் 27.3 சதவீதம். உலகமே தன் நடையில் கால் பங்குக்கு மேல் ஒரே மாதத்தில் கழற்றி வைத்துவிட்டது.

உட்கார்ந்திருப்பதில் அப்படி என்ன பாவம் என்று தோன்றும். நடக்கும்போது தொடையும் கெண்டைக்காலும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்து எரிக்கின்றன. கொழுப்பைக் கரைக்கும் நொதியும் அந்தத் தசைகளில்தான் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. தசை சும்மா கிடந்தால் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் ரத்தத்திலேயே சுற்றுகின்றன. ராத்திரி இரண்டு மணிவரை கண் விழித்துச் செய்தி பார்த்தால் உடம்பு பகையாளியைக் கண்ட தினுசில் அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் சுரக்கும். ரத்தக் குழாய் இறுகும், பிரஷர் ஏறும். தூங்கா நகரத்தில் நாலு தலைமுறையாக ராத்திரி விழித்துத்தான் இருக்கிறோம். ஆனால் அப்போதெல்லாம் விழித்தவன் கடை வைத்திருந்தான், மூட்டை தூக்கினான், பரோட்டாவுக்கு மாவடித்தான். இப்போது விழித்தவன் படுத்துக்கொண்டு விழித்திருந்தான்.

மொட்டைமாடி நடை என்று ஒன்று வந்தது. எங்கள் மாடி கிழமேல் முப்பது அடி. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றினால் இன்னும் எட்டு அடி. மூன்றாம் நாளே தலை சுற்றியது. பக்கத்து மாடிக்காரர் எங்களைப் பார்த்து நின்றார், நாங்கள் அவரைப் பார்த்து நின்றோம். பிறகு இரு தரப்பும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கொரோனா பேசும் இடமாக அது மாறியது.

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கும் என் மகன் லேப்டாப்போடு வந்து சேர்ந்தான். அவனுடைய அலுவலகம் அமெரிக்க நேரத்தில் நடந்தது. அதனால் எங்கள் அடுக்களையும் அமெரிக்க நேரத்தில் நடந்தது. காலையில் எனக்கு இட்லி, பதினோரு மணிக்கு அவனுக்கு எழுந்ததும் காபி, மதியம் சாப்பாடு, நாலு மணிக்குப் பஜ்ஜி, ராத்திரி தோசை, நடுராத்திரி மீட்டிங்குக்கு நடுவே நூடுல்ஸ். யூடியூப் பார்த்து டல்கோனா காபி அடித்தான். ஓவன் இல்லாமல் குக்கரில் கேக் செய்தான். ரேஷனில் விலையில்லாச் சர்க்கரை வேறு. மகன் வீட்டில் இருக்கிறானே என்று என் மனைவிக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை அத்தனை வேளையும் நின்றுகொண்டே சமைத்தாள். வேலைக்கார அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் பாத்திரமும் அவளே.

பேங்க் சார் சொன்னார் என்று ஒரு பிரஷர் மெஷின் வாங்கினோம், எனக்காக. எனக்கு 130/84. மகனுக்கு 128/86, இருபத்தாறு வயசுக்கு அது நல்ல சேதி இல்லை என்று அப்போது வீட்டில் யாருக்கும் தெரியாது. கை துடைத்துக்கொண்டே வந்து, விளையாட்டாகக் கையைக் கொடுத்த என் மனைவிக்கு 152/96.

"ஏங்க, மெஷின் சரியாத்தான் இருக்கா?"

மகன் பேட்டரியை மாற்றினான். 154 காட்டியது. பேட்டரி பழசு என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லாததால் கடையிலிருந்து வேறு ஜோடி வரும்வரை மெஷின் அலமாரியில் இருந்தது.

பிறகொரு நாள், அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின் சேதியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஊழியர்களும் அவர்களது வாழ்க்கைத் துணைகளுமாக ஏறக்குறைய நாலரை லட்சம் பேரின் வருடாந்திரப் பரிசோதனைக் கணக்கு. 2020 ஏப்ரலுக்கும் டிசம்பருக்கும் இடையே பிரஷரின் மேல் அளவு, முந்தைய ஆண்டைவிட 1.1 முதல் 2.5 புள்ளிவரை சராசரியாக ஏறியிருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏற்றம் அதிகம். எடை கூடியதுதான் காரணம் என்றும் சொல்ல முடியவில்லை. மனைவி பருப்பைக் கடைந்துகொண்டே கேட்டாள். "இதுக்கு நாலரை லட்சம் பேரு கையப் பிடிச்சுப் பார்க்கணுமாக்கும். என்னைய ஒருத்தியக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்ல?"

இரண்டு புள்ளிதானே என்று எச்.எம். சாரும் சிரித்தார். ஒருவருக்கு இரண்டு புள்ளி என்பது மாடிப்படி ஏறி வந்தால் ஏறுவதைவிடக் குறைவுதான். ஊருக்கே இரண்டு புள்ளி என்பது வேறு கணக்கு. சுமார் பத்து லட்சம் பேரின் தரவைத் திரட்டி 2002-ல் லான்செட் இதழில் வந்த கட்டுரை, நடுத்தர வயதினரின் மேல் அளவு சராசரியாக 2 புள்ளி குறைந்தாலே பக்கவாத மரணம் 10 சதவீதமும் இதய ரத்தக்குழாய் மரணம் 7 சதவீதமும் குறையும் என்றது. ஏறினால் என்ன ஆகும் என்பதை எச்.எம். சார் தாளில் தலைகீழாக எழுதிப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஊரடங்கு இதயத்துக்குச் சில நல்லதும் செய்தது. அதையும் சொல்லாவிட்டால் அநியாயம். பரோட்டாக் கடை இல்லை. டீக்கடை இல்லை, அதனால் டீக்கடை வாசல் சிகரெட்டும் இல்லை. மூச்சை இழுத்தால் புகை உள்ளே போகவில்லை. சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் தங்களிடம் சிகிச்சை பெறுவோரை ஊரடங்கின்போது விசாரித்தார்கள். பரிசோதனை செய்துகொண்டவர்களின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஏறவில்லை; சற்று இறங்கியிருந்தது. வீட்டுச் சாப்பாடு, நேரத்துக்குச் சாப்பாடு, கல்யாண விருந்து கிடையாது. ஊரடங்கிலும் விடாமல் பரிசோதனை செய்துகொள்கிற ஆள் எப்படிப்பட்ட ஆள் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

டாஸ்மாக் மூடியது. நாற்பது நாளுக்கு மேல் தமிழ்நாட்டில் சட்டப்படி ஒரு சொட்டு இல்லை. எங்கள் தெருவில் இரண்டு பேருக்கு முகத்தில் பழைய களை திரும்பியதை நானே பார்த்தேன். இருதய டாக்டர்களும் மாதர் சங்கங்களும் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக் கிடைக்காததை ஒரு வைரஸ் ஒரே உத்தரவில் வாங்கித் தந்தது. மே 7-ம் தேதி சென்னை தவிர மற்ற இடங்களில் கடை திறந்தது. கூட்டத்தைப் பிரிக்க அரசு வயது வாரியாக நேரம் ஒதுக்கியிருந்தது: காலை பத்திலிருந்து மதியம் ஒன்றுவரை ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. மாரடைப்பு அபாயம் அதிகமுள்ள வயதினருக்கே முதல் மரியாதை. அன்று ஒருநாள் விற்பனை 170 கோடி ரூபாயைத் தாண்டியது. மண்டலங்களில் முதலிடம் மதுரை. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 16-ம் தேதி மறுபடி திறந்தது. எங்கள் தெருக்காரர்களின் முகக்களை அதற்கப்புறம் தென்படவில்லை.

இதில் ஒரு ஒழுங்கு எனக்குத் தெரிகிறது. ஊரடங்கு கொடுத்த நல்லதெல்லாம் பூட்டினால் வந்தவை. பூட்டைத் திறந்ததும் போய்விட்டன. கெட்டதெல்லாம் சுகமாக வந்தவை. அவற்றைப் போகச் சொல்ல எந்த அரசாணையும் வரவில்லை.

அந்த ஏப்ரல், மே மாதங்களில் வாட்ஸ்அப்பில் ஒரு சேதி சுற்றியது: 'ஊரடங்கில் யாருக்கும் மாரடைப்பே வரவில்லை பார்த்தீர்களா? இத்தனை நாள் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏமாற்றியிருக்கிறார்கள்.' எங்கள் குழுவிலும் வந்தது. அண்ணாச்சி அதற்குக் கைதட்டல் போட்டிருந்தார். சேதியின் முதல் பாதியில் உண்மையின் சாயல் இருந்தது. இந்திய இதயவியல் சங்கம் நாடு முழுக்க 187 மருத்துவமனைகளில் எடுத்த கணக்கில், மாரடைப்போடு வந்து சேர்ந்தவர்கள் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. இத்தாலியிலும் கலிஃபோர்னியாவிலும் இதே கதை. குறைந்தது மாரடைப்பு அல்ல, ஆஸ்பத்திரிக்கு வந்த ஆள்.

வராத ஆட்களில் ஒருவர் பேங்க் சாரின் மைத்துனர், திருமங்கலத்துக்காரர். ராத்திரி நெஞ்சைப் பிசைந்தது. நம் ஊரில் நெஞ்சு வலிக்கு முதல் சந்தேகம் வாயு மேல்தான். இஞ்சிச் சாறு கொடுத்தார்கள், ஓமத்திரவம் கொடுத்தார்கள், கடைசியில் ஒரு கோலி சோடா. ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா டெஸ்ட் எடுப்பார்கள், பாசிட்டிவ் என்றால் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம் வீட்டுக்கே. மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் மூச்சு வாங்கியபோதுதான் போனார்கள். அடைபட்ட குழாய்க்குக் கீழே இருக்கும் இதயத் தசை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே சாக ஆரம்பிக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால் காப்பாற்ற மிச்சம் அதிகம் இராது. செத்த தசை மறுபடி முளைக்காது. மனுஷர் பிழைத்துக்கொண்டார். இப்போது பத்துப் படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார். அவருக்குக் கொரோனா கடைசிவரை வரவே இல்லை.

சத்தமில்லாமல் நடந்தது இன்னொன்று: மாத்திரை விட்டுப்போனது. மேலூர்ப் பக்கம் கிராமத்தில் இருக்கும் என் மாமியார் மாதம் ஒருமுறை பஸ் ஏறி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிரஷர் மாத்திரை வாங்கி வருவார். பஸ் நின்றது. கையிலிருந்த மாத்திரையை ஒன்றுவிட்டு ஒருநாள் என்று நீட்டித்தார். அரிசி குறைந்தால் உலையில் தண்ணீரைக் கூட்டிக் கஞ்சியாக்குகிற அதே சாமர்த்தியம். பிரிட்டனில் இதைக் கணக்கெடுத்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் 2020 மார்ச்சிலிருந்து 2021 ஜூலைவரை, புதிதாகப் பிரஷர் மாத்திரை தொடங்கியிருக்க வேண்டியவர்களில் 4,91,306 பேர் தொடங்கவில்லை. அவர்களை அப்படியே விட்டால் அவர்களுடைய ஆயுளில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை பதின்மூவாயிரத்துக்கும் மேல் கூடுதலாக வரும் என்றும் 2023-ல் எழுதினார்கள். இலவச மருத்துவமும் வீட்டு வாசலில் டாக்டரும் உள்ள ஊரின் கணக்கு அது.

நம் ஊரில் நடந்த உருப்படியான காரியம், எனக்குத் தெரிந்து, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மக்களைத் தேடி மருத்துவம். பெயர் வைப்பதில் நம் அரசுகளுக்கு இருக்கும் சாமர்த்தியம் தெரியுமாதலால் நான் பெரிதாக நம்பவில்லை. ஆனால் சில மாதத்தில் மாமியார் வீட்டு வாசலில், அதே ஊர்ப் பெண் ஒருத்தி, மெஷினும் மாத்திரைப் பையுமாக வந்து நின்றாள்.

"அப்பத்தா, மாத்திரை எத்தன மிச்சம் இருக்கு, எடுத்துட்டு வாங்க."

"நெறையா இருக்குத்தா."

"நெறையா இருக்கக் கூடாது அப்பத்தா. முடிஞ்சிருக்கணும்."

எம்.பி.பி.எஸ். படிக்காத அந்தப் பெண் ஒரே கேள்வியில் கண்டுபிடித்ததை, மாதாமாதம் சீட்டில் பழைய மருந்தையே எழுதிக்கொடுத்தவர்கள் கண்டுபிடிக்கவில்லை. 2024-ல் அந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருது கிடைத்தது. மாமியாருக்கு அது தெரியாது. மாதம் ஒருமுறை மதுரை - மேலூர் பஸ்ஸில் போய் நாலு பேரிடம் பேசிவிட்டு, ஒரு கறிக்குழம்புச் சாப்பாடும் சாப்பிட்டு வந்தது போயிற்றே என்று மட்டும் குறை.

2021 ஏப்ரல் பதினேழை மறக்க முடியாது. நடிகர் விவேக் பதினைந்தாம் தேதி ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டு, பயப்படாமல் வாருங்கள் என்று மக்களிடம் சொன்னார். மறுநாள் மாரடைப்பு. பதினேழாம் தேதி அதிகாலை போய்விட்டார். ஐம்பத்தொன்பது வயது. தமிழ்நாடே அழுதது. அழுகையோடு தடுப்பூசி வரிசையிலிருந்தும் விலகியது. இதயத்தின் முக்கியமான இடது ரத்தக்குழாயில் நூறு சதவீத அடைப்பு என்று மருத்துவர்கள் சொன்னார்கள். பின்விளைவுகளை ஆராயும் தேசியக் குழுவும் சில மாதம் கழித்து, ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை, ஒரே நேரத்தில் நேர்ந்தது தற்செயல் என்றது. ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு படிய ஆண்டுக்கணக்கில் ஆகும். படிந்தது கீறிக்கொண்டு, மேலே ரத்தம் உறைந்து அடைக்க நிமிடங்கள் போதும். நமக்கு நேற்றைய ஊசி ஞாபகம் இருக்கிறது. இருபது வருஷத்து வடை ஞாபகம் இருப்பதில்லை. எங்கள் குழுவில் அந்த வாரம் யாரும் ரத்தக் கொழுப்பைப் பரிசோதிக்கவில்லை. இரண்டு பேர் இரண்டாம் தவணை ஊசியைத் தள்ளிப் போட்டார்கள்.

வைரஸ் நேராகவும் இதயத்தைத் தொடும் என்பது அதற்கடுத்த வருஷம் துலக்கமானது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் ஒன்றரை லட்சம் பேரை ஓராண்டு தொடர்ந்து பார்த்ததில், கொரோனா வந்து போனவர்களுக்கு மாரடைப்பு அபாயம் 63 சதவீதமும் பக்கவாத அபாயம் 52 சதவீதமும் கூடியிருந்தது. 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் பதினெட்டிலிருந்து நாற்பத்தைந்து வயதுவரை திடீரென இறந்தவர்களைப் பற்றி ஆராய்ந்தது. தடுப்பூசி காரணமில்லை, கொரோனாவுக்கு ஆஸ்பத்திரியில் படுத்தது, குடும்பத்தில் திடீர் மரணம், இறப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் மிதமிஞ்சிக் குடித்தது, அதே இரண்டு நாளில் கடுமையாக உடலை வருத்தியது ஆகியவை அபாயத்தைக் கூட்டுகின்றன என்றது. அந்த அக்டோபரில் மத்திய சுகாதார அமைச்சர் மாண்டவியா, கடுமையான கொரோனா வந்தவர்கள் ஓரிரு வருஷம் அளவுக்கு மீறி உடலை வருத்த வேண்டாம் என்றார். அண்ணாச்சிக்கு வந்தது மூன்று நாள் சளி. "மத்திய மந்திரியே சொல்லிட்டாரு" என்று வாக்கிங்கை நிறுத்தினார். குடியைப் பற்றிய பகுதியை அவர் வாசிக்கவில்லை.

இப்போது ரேஸ்கோர்ஸ் பக்கம் போனால் எல்லோர் மணிக்கட்டிலும் கடிகாரம். நேரம் பார்க்க அல்ல. துடிப்பு, தூக்கம், ஆக்சிஜன், காலடி எல்லாம் அதில் தெரியும். பேங்க் சாருக்கு அது ஒரு பாஸ்புக். பத்தாயிரம் காலடி ஆகாமல் வீட்டுக்குள் நுழையமாட்டார். அந்தப் பத்தாயிரம் 1965 வாக்கில் ஜப்பானில் நடையளவிக் கருவி விற்றவர்கள் சொன்ன எண், டாக்டர்கள் கண்டுபிடித்தது இல்லை என்று எச்.எம். சார் ஒருநாள் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இருவரும் எதிரெதிர்த் திசையில் சுற்றுகிறார்கள். அரசும் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை குறித்து, 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 2023 நவம்பரில் தொடங்கி வைத்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் நெஞ்சுவலியோடு வருபவருக்கு உடனே கொடுக்கும் மாத்திரைகளை இருப்பு வைத்து, 'இதயம் காப்போம்' என்றது. எல்லாம் நல்ல காரியங்கள். எங்கள் குழுவில் முன்பு நாலு சுற்று நடந்தவர்கள் இப்போது இரண்டு சுற்று நடந்து, மீதி நேரத்தில் கடிகாரத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

வீட்டில் மனைவி தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறாள், 130-ல் நிற்கிறது. மெஷின் தப்பில்லை என்பதை மகனும் ஏற்றுக்கொண்டுவிட்டான். அவன் நிறுவனம் வாரத்தில் மூன்று நாள் அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டது. மீதி நாளில் அறைக்குள்ளேயே இருந்துகொண்டு, சாப்பாடு, சோப்பு, சார்ஜர் எல்லாம் வாசலுக்கு வரவழைக்கிறான். ஊரடங்கின்போது வந்த ஒன்பது கிலோவில் ஏழு கிலோ அவனிடமே தங்கிவிட்டது. போன மாதம் போன் செய்தான். அலுவலகத்தில் இதய ஆரோக்கிய முகாமாம். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்களாம், ஈ.சி.ஜி. எடுத்தார்களாம், உணவியல் நிபுணர் ஒருவர் எண்ணெயைக் குறைப்பது பற்றி முக்கால் மணி நேரம் படம் போட்டுப் பேசினாராம். கடைசியில், காலையிலிருந்து பட்டினியாக ஒத்துழைத்த ஊழியர்களுக்கு நிர்வாகத்தின் அன்பளிப்பாக ஆளுக்கொரு மட்டன் பிரியாணிப் பொட்டலம்.

"கொலஸ்ட்ரால் எவ்வளவுடா?" என்றேன்.

"ரிப்போர்ட் திங்கக்கிழமைதான்ப்பா வரும்" என்றான். வாய் நிறைய இருந்ததால் அதற்கு மேல் அவன் சொன்னது விளங்கவில்லை.